மணலில் மறையும் மாந்தள்

நுழையும்முன்

உயிர்கள் யாவும் தம்மைக் காத்துக்கொள்ள ஏதேனும் ஒரு வழியைக் கொண்டுள்ளன. மான் விரைந்து ஓடுகிறது. ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குகிறது. நெய்தல் நிலத்தின் கடலடியில் ஒரு சிறுமீன் மணலோடு மணலாக மறைந்து வாழ்கிறது. பகைவர் கண்ணுக்குத் தப்பும் அம்மீன், மனிதர் வலைக்குத் தப்புவதில்லை. அதன் வியத்தகு வாழ்வையும், அதற்கு நேர்ந்துள்ள இடரையும், அதனைக் காக்கும் வழியையும் இப்பாடத்தில் அறிவோம்.

துறைமுகத்தில் ஒரு விடியல்

ஆகஸ்டு மாதத்தின் தொடக்கம். தென்மேற்குப் பருவமழை சற்றே தணிந்திருக்கிறது. கொச்சி நகரின் தோப்பும்படியில் உள்ள மீன்பிடித் துறைமுகம் விடியுமுன்பே விழித்துக்கொள்கிறது. 52 நாள்கள் கரையில் கட்டப்பட்டிருந்த இழுவைப் படகுகள் கடலுக்குச் சென்று மீன்களோடு திரும்புகின்றன. ஏலம் கூறுவோரின் குரல் ஒருபுறம் ஒலிக்கிறது. பனிக்கட்டியை நொறுக்கும் ஓசை மறுபுறம் எழுகிறது.

மலையாளமும் தமிழும் கலந்து ஒலிக்கும் இடம் இது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய கடற்கரை ஊர்களிலிருந்து வந்து, இத்துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு ஆழ்கடலில் மீன்பிடிக்கும் தமிழர் பலர். உங்களுள் சிலருடைய தந்தையரோ மாமன்மாரோ அவர்களுள் ஒருவராக இருக்கக்கூடும்.

இழுவைப் படகிலிருந்து இறக்கப்படும் கூடைகளில் இறாலும் கணவாயும் நிறைந்திருக்கின்றன. அவற்றினிடையே தட்டையான, பழுப்பு நிறமுடைய சிறு மீன்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் கண்டவுடன் நம் நினைவுக்கு வருவது நாக்கின் வடிவமே. எனவே தமிழில் அதனை ‘நாக்குமீன்’ என்கிறோம். மலையாளத்தில் அது ‘மாந்தள்’ எனப்படுகிறது. ‘நங்கு’ என்று வழங்கும் இடங்களும் உண்டு.

இம்மீனின் அறிவியல் பெயர் சைனோகுளோசஸ் மேக்ரோஸ்டோமஸ் என்பதாகும். நார்மன் என்னும் ஆங்கிலேய விலங்கியலாளர் 1928-ஆம் ஆண்டு இவ்வினத்தை வகைப்படுத்திப் பெயரிட்டார். கிரேக்க மொழியில் முதற்சொல்லுக்கு ‘நாயின் நாக்கு’ என்பது பொருள். இரண்டாம் சொல்லுக்குப் ‘பெரிய வாய்’ என்பது பொருள். மொழிகள் வேறு, நாடுகள் வேறு. ஆயினும் தமிழரும் கிரேக்கச் சொல்லைத் தேர்ந்த அறிஞரும் இம்மீனின் குடும்பத்தைக் கண்டபோது ஒன்றையே நினைத்துள்ளனர்.

கேரளக் கடற்கரையில் பெருந்திரளாகக் கிடைப்பதால் ஆய்வாளர்கள் இதனை ‘மலபார் நாக்குமீன்’ என்றும் குறிப்பிடுகின்றனர். இது பெரும்பாலும் ஒரு சாண் நீளத்தைத் தாண்டி வளர்வதில்லை. தோலை உரித்துப் பொரித்தும், உப்பிட்டு உலர்த்திக் கருவாடாக்கியும் இதனை உண்பர். விலை குறைவாதலால் எளியோர் வீட்டு உலையிலும் இதற்கு இடமுண்டு.

இடம் மாறும் கண்

ஒரு மாந்தளைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதன் ஒரு பக்கம் பழுப்பாகவும் மறுபக்கம் வெண்மையாகவும் இருக்கும். பழுப்பு நிறப் பக்கத்தில் இரண்டு சிறு கண்கள் அருகருகே அமைந்திருக்கும். வெண்ணிறப் பக்கத்தில் கண்ணே இராது. அவ்வாறாயின், அது பிறவியிலேயே இவ்வாறு அமைந்ததா? இல்லை என்பதே வியப்புக்குரிய செய்தி.

முட்டையிலிருந்து வெளிவரும் மாந்தள் குஞ்சு, ஏனைய மீன்குஞ்சுகளைப் போன்றே தோன்றும். அதன் தலையின் இருபுறமும் பக்கத்திற்கு ஒன்றாகக் கண்கள் இருக்கும். கண்ணாடி போன்ற உடலுடன் அது நீரின் மேற்பரப்பை ஒட்டி நிமிர்ந்து நீந்தும். சிறிது காலத்தில் அதன் உடலில் பெருமாற்றம் ஒன்று தொடங்குகிறது. வலக்கண் சிறிது சிறிதாக இடம்பெயர்ந்து இடப்பக்கத்தை அடைகிறது. அக்கண்ணுக்கு இடமளிக்கும் வகையில் மண்டையோட்டின் எலும்புகளும் வளைந்து மாறுகின்றன. மாற்றம் முடிந்ததும் குஞ்சு கடலடிக்கு இறங்கி, கண்ணற்ற வலப்பக்கத்தைத் தரையில் பதித்துப் படுத்துக்கொள்கிறது. அதன்பின் வாழ்நாள் முழுவதும் அதற்கு அதுவே நிலை.

நாம் மேல்பக்கம் என்று கருதுவது உண்மையில் அதன் இடப்பக்கம். அடிப்பக்கம் என்று கருதுவது அதன் வலப்பக்கம். இவ்வாறு ஒருபக்கமாகப் படுத்து வாழும் மீன்களைத் ‘தட்டை மீன்கள்’ என்பர். உலகக் கடல்களில் பல நூறு வகைத் தட்டை மீன்கள் உள்ளன. வடக்குக் கடல்களில் வாழும் ஹாலிபட் என்னும் தட்டை மீன் ஆளை விஞ்சும் நீளத்துக்கு வளரக்கூடியது. நம் மாந்தளோ உள்ளங்கையில் அடங்கும். அளவில் இத்துணை வேறுபட்டிருப்பினும் கண் இடம்மாறும் முறை இரண்டுக்கும் பொதுவானதே.

மணலே மறைவிடம்

கரையை அடுத்த ஆழங்குறைந்த கடலில், மணலும் சேறும் கலந்த தரையே மாந்தளின் உறைவிடம். அங்குப் பாறையும் இல்லை, பவளத்திட்டும் இல்லை, ஒளிந்துகொள்ளப் புதரும் இல்லை. திறந்தவெளியில் கிடக்கும் ஒரு சிறுமீன், பெரிய மீன்களின் கண்ணில் படாமல் எவ்வாறு பிழைக்கிறது?

முதலாவதாக, அதன் நிறம் துணைபுரிகிறது. மேற்பக்கத்தின் பழுப்பு நிறமும் அதன்மேல் உள்ள கருந்திட்டுகளும் கடலடித் தரையின் தோற்றத்தை ஒத்துள்ளன. இரண்டாவதாக, அதன் துடுப்புகள் துணைபுரிகின்றன. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வால்துடுப்போடு ஒன்றாக இணைந்து, உடலைச் சுற்றி ஓரம் தைத்தது போல் அமைந்துள்ளன. அத்துடுப்புகளை அலையென அசைத்து மணலைக் கிளப்பினால், கிளம்பிய மணல் அதன் உடல்மேல் படிந்துவிடும். கண்கள் மட்டும் வெளியே தெரிய, அது அசையாது கிடக்கும்.

மூன்றாவதாக, அதன் உள்ளுறுப்பின் அமைப்பும் துணைபுரிகிறது. மீன்கள் பலவற்றின் உடலுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு. நீரில் மூழ்காமலும் மிதந்துவிடாமலும் நிற்க அப்பை உதவுகிறது. வளர்ந்த தட்டை மீன்களுக்கு அப்பை இல்லை. ஆதலால் அவை முயற்சியின்றியே தரையில் படிந்து கிடக்கின்றன.

உணவும் அத்தரையிலேயே கிடைக்கிறது. சேற்றில் வாழும் கடற்புழுக்களும் சிறு கணுக்காலிகளும் மாந்தளின் உணவு. அதன் வாய் கீழ்நோக்கிக் கொக்கி போல் வளைந்திருப்பதால், தரையில் உள்ள இரையைக் கவர்வது எளிதாகிறது. உறைவிடம், ஒளிவிடம், உணவிடம் என மூன்றும் அதற்கு ஒரே இடம். அத்தரை சிதைந்தால் மூன்றையும் ஒருங்கே இழக்க நேரிடும்.

செதில் சொல்லும் கணக்கு

மரத்தின் அடிப்பகுதியைக் குறுக்காக அறுத்தால் வளையங்கள் தெரியும். அவற்றைக் கொண்டு மரத்தின் அகவையைக் கணக்கிடுவர். குளிர்நாடுகளில் வாழும் மீன்களின் செதில்களிலும் இத்தகைய வளையங்கள் உண்டு. கடுங்குளிர்க் காலத்தில் மீனின் வளர்ச்சி குன்றுவதால் அவ்வளையம் உண்டாகிறது. கடுங்குளிரே இல்லாத நம் கடலில் வாழும் மீன்களின் அகவையை எவ்வாறு அறிவது? இவ்வினா நெடுங்காலம் அறிஞர்க்கு இடர்ப்பாடாக இருந்தது.

கோழிக்கோட்டில் ஆய்வுசெய்த சேஷப்பா, பீமாச்சார் ஆகிய இருவரும் இவ்வினாவுக்கு மாந்தளின் செதிலில் விடை கண்டனர். தம் கண்டுபிடிப்பை அவர்கள் 1951-ஆம் ஆண்டு வெளியிட்டனர். மாந்தளின் செதிலிலும் வளையம் இருந்தது. அதனை உண்டாக்கியது குளிர் அன்று, பருவமழை.

இதன் காரணத்தை எண்ணிப் பாருங்கள். ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கடல் கொந்தளிக்கிறது. பேரலைகள் ஆழங்குறைந்த கடலின் அடித்தரையைக் கலக்குகின்றன. ஆறுகள் நன்னீரையும் சேற்றையும் கொண்டுவந்து கொட்டுகின்றன. உயிர்வளி குறைந்த அடிநீர் ஆழத்திலிருந்து கரையை நோக்கி எழுகிறது. இதனால் தரையில் வாழும் புழுக்களும் சிற்றுயிர்களும் அருகிவிடுகின்றன. மாந்தள் சற்று ஆழமான பகுதிக்கு விலகிச் செல்கிறது. போதிய உணவின்றி அதன் வளர்ச்சி தடைப்படுகிறது. அத்தடையின் சுவடே செதிலில் வளையமாகப் பதிகிறது.

மழை ஓய்ந்ததும் நிலைமை மாறுகிறது. மழைக்காலத்தில் மேலெழுந்த நீர் ஆழத்திலிருந்து ஊட்டங்களைக் கொண்டுவந்திருக்கும். அவற்றால் கடலில் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அடித்தரையில் புழுக்கள் மீண்டும் தழைக்கின்றன. மாந்தள் கூட்டம் கூட்டமாகக் கரையோரம் திரும்புகிறது; உண்டு வளர்கிறது; முட்டையிடுகிறது. ஆகவே, செதிலில் உள்ள ஒரு வளையம் அம்மீன் கடந்துவந்த ஒரு மழைக்காலத்தைக் குறிக்கிறது. பட்டினிகிடந்த காலத்தை அது தன் உடலிலேயே எழுதி வைத்துள்ளது.

மாந்தளின் ஆயுள் சில ஆண்டுகளே. எனவே அதன் வாழ்வில் ஒவ்வொரு பருவமும் அரியது. ஒரு முறை முட்டையிடும் வாய்ப்பை இழந்தால் அதனை ஈடுசெய்ய அதற்குப் போதிய காலம் இல்லை. செதிலின் கணக்கை அறிந்ததால்தான் நாம் இதனை உணர்ந்தோம்.

மறைவிடம் தேடிவரும் வலை

பகைமீன்கள் கண்ணால் தேடும். ஆதலால் மணலில் மறைந்த மாந்தள் தப்பிவிடும். ஆனால் இழுவைமடி கண்ணால் தேடுவதில்லை.

இழுவைமடி என்பது பெரிய கூம்பு வடிவ வலை. அதன் வாய் அகன்றும் நுனி குறுகியும் இருக்கும். வாயின் இருபுறமும் கட்டப்பட்ட கனத்த பலகைகள் அதனை விரித்து வைக்கின்றன. விசைப்படகு இழுக்க, வலை கடலடித் தரையை ஒட்டி உராய்ந்தபடி நகர்கிறது. தரையில் கிடக்கும் உயிர்கள் கிளப்பப்பட்டு வலைக்குள் விழுகின்றன. இறாலைக் கருதி இழுக்கப்படும் வலையில் மாந்தளும் அதன் குஞ்சும் சேர்ந்தே அகப்படுகின்றன. எந்த மறைவிடம் அதனைக் காத்ததோ, அந்த மறைவிடத்தையே வலை வாரிச் செல்கிறது.

கேரளக் கடலில் இவ்வகை மீன்பிடிப்பு 1950-களில் இந்திய–நார்வே கூட்டுத் திட்டத்தின் வழியாகப் பரவத் தொடங்கியது. இறால் ஏற்றுமதி பெருகியதும் இழுவைப் படகுகளும் பெருகின. பல்லாயிரம் குடும்பங்களுக்கு இத்தொழில் சோறிட்டது, இன்றும் இடுகிறது. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடி வந்தோர்க்கும் துறைமுகம் பணி தந்தது. ஆகவே இழுவைப் படகைத் தீயது என்று ஒரே சொல்லில் தள்ளிவிட இயலாது.

எனினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். வலையில் அகப்பட்ட குஞ்சுமீன்களை உண்ண இயலாது. நல்ல விலைக்கு விற்கவும் இயலாது. அவை மீன்தூள் ஆலைக்கோ உரத்துக்கோ அற்ப விலையில் செல்கின்றன. அவற்றை மீண்டும் கடலில் வீசினாலும் பெரும்பாலானவை வலையில் நசுங்கி உயிரிழந்திருக்கும். அடுத்த ஆண்டு கூடை நிறைக்க வேண்டிய மீன், இவ்வாண்டே கைப்பிடி உரமாகிவிடுகிறது. இழப்பு மீனுக்கு மட்டுமன்று. அதனை நம்பி வாழும் மீனவர்க்கும் உரியது.

ஒன்பது சென்டிமீட்டர்

இவ்விழப்பைத் தடுக்க மூன்று வழிகள் மேற்கொள்ளப்படுகின்றன.

முதல் வழி, காலத்தை வரையறுத்தல். பருவமழைக் காலத்தில் இழுவைமடிக்குத் தடைவிதிக்கும் முறை கேரளத்தில் 1988-ஆம் ஆண்டு தொடங்கியது. இப்பொழுது ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள் இத்தடை நடைமுறையில் உள்ளது. தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் தடை உண்டு. அதே தமிழகத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடை உண்டு. ஒரே மாநிலத்தின் இரு கடற்கரைக்கும் இரு வேறு காலம் ஏன்? காற்றும் மழையும் மீன்வளமும் இரு கடல்களிலும் ஒரே காலத்தில் அமைவதில்லை என்பதே காரணம்.

இரண்டாம் வழி, வலைக்கண்ணை வரையறுத்தல். இழுவைமடியின் நுனிப்பகுதியில் வழக்கமாக உள்ள சாய்சதுரக் கண்கள், வலையை இழுக்கும்போது இறுகி மூடிக்கொள்ளும். சதுரக் கண்கள் இழுக்கும்போதும் திறந்தே இருக்கும். அவற்றின் வழியே குஞ்சுகள் வெளியேறலாம். தோப்பும்படிக்கு அருகே வில்லிங்டன் தீவில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இத்தகைய வலைகளை வடிவமைத்துப் பரப்பிவருகிறது.

மூன்றாம் வழி, மீனின் நீளத்தை வரையறுத்தல். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது; தமிழகத்தின் மண்டபத்தில் இயங்கி, 1971-இல் கொச்சிக்கு இடம்பெயர்ந்தது. அந்நிறுவனத்தின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு, 2015-ஆம் ஆண்டு கேரள அரசு 14 வகை உயிரினங்களுக்குப் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச நீளத்தை அறிவித்தது. மத்திக்கு 10 சென்டிமீட்டர். மாந்தளுக்கு 9 சென்டிமீட்டர். பின்னர் 2017-இல் இப்பட்டியல் 58 வகைகளாக விரிந்தது. மீன் முதிர்ச்சி அடையத் தொடங்கும் அளவைக் கருத்திற்கொண்டு இந்நீளங்கள் வகுக்கப்பட்டன. அதற்குக் குறைவான மீனைப் பிடிப்பது, முட்டையிடுமுன் அதனை அழிப்பதற்கு ஒப்பாகும்.

இவ்விதிகளைப் பின்பற்றுவது எளிதன்று. படகு கரையில் நிற்கும் நாள்களில் வீட்டின் வருவாயும் நின்றுவிடுகிறது. அரசு வழங்கும் இலவச அரிசி அடுப்பை எரிய வைக்கலாம். பள்ளிக் கட்டணத்துக்கும் வாடகைக்கும் அது போதாது. அத்துன்பத்தை மீனவர் குடும்பங்கள் ஆண்டுதோறும் தாங்குகின்றன. அவ்வாறு 52 நாள்கள் பொறுத்திருந்து காத்த கடலில், தடை நீங்கிய மறுவாரமே குஞ்சுகளை வாரி எடுத்தால், அப்பொறுமை முழுவதும் வீணாகிவிடும். விதியை மீறிய ஒரு படகு, விதியைக் காத்த நூறு படகுகளின் உழைப்பைக் கெடுக்கிறது.

இதில் வாங்குவோர்க்கும் பங்குண்டு. குஞ்சுமீனை வாங்குவோர் இல்லையெனில் அதனை விற்போரும் குறைவர். உங்கள் பையில் உள்ள 15 சென்டிமீட்டர் அளவுகோலை எடுத்து, 9 என்னும் கோட்டின்மேல் விரலை வையுங்கள். ஒரு மழைக்காலத்தின் பட்டினியைத் தாங்கி, கரைதேடித் திரும்பிவந்த ஒரு மீனின் வருங்காலம் அந்தக் கோட்டருகே நிற்கிறது. மணலில் மறையத் தெரிந்த மாந்தளுக்கு வலையிலிருந்து மறையத் தெரியாது. அதனை விட்டுவைப்பது நம் கையில் உள்ளது.

சொல்லும் பொருளும்

இடர் – துன்பம்
அகவை – வயது
உயிர்வளி – உயிரினங்கள் சுவாசிக்கும் ஆக்சிசன்
கணுக்காலிகள் – இறால், நண்டு போன்ற இணைப்புடைய கால்களைக் கொண்ட உயிர்கள்
அருகுதல் – குறைதல்
சுவடு – அடையாளம்

இரு மொழிப் பெயர்கள்

தமிழிலும் மலையாளத்திலும் மீன்களின் பெயர்கள் சில ஒத்தும் சில வேறுபட்டும் அமைந்துள்ளன. படித்து அறிக.

அயிலை – அயல
நெத்திலி – நெத்தோலி
இறால் – செம்மீன்
நாக்குமீன் – மாந்தள்

மதிப்பீடு

1. மாந்தள் குஞ்சின் உடலில் நிகழும் மாற்றத்தை உம் சொந்த நடையில் எழுதுக.
2. மாந்தள் மணலில் மறைந்து வாழத் துணைபுரியும் மூன்று கூறுகள் யாவை?
3. குளிர்நாட்டு மீனின் செதில் வளையத்துக்கும் மாந்தளின் செதில் வளையத்துக்கும் உள்ள வேறுபாடு யாது?
4. சாய்சதுரக் கண்ணுள்ள வலைக்கும் சதுரக் கண்ணுள்ள வலைக்கும் உள்ள வேறுபாட்டைப் படம் வரைந்து விளக்குக.
5. ‘மீன்பிடித் தடைக்காலம் மீனவர்க்குச் சுமையா, காப்பா?’ – இருபக்கக் கருத்துகளையும் எண்ணி, உம் முடிவைப் பத்து வரிகளில் எழுதுக.

செய்து பார்ப்போம்

பெற்றோருடன் மீன் சந்தைக்குச் செல்லும்போது, ஐந்து மாந்தள் மீன்களின் நீளத்தை மூக்கு நுனி முதல் வால் நுனி வரை அளந்து குறிப்பேட்டில் பதிவு செய்க. அவற்றுள் 9 சென்டிமீட்டருக்குக் குறைந்தவை எத்தனை என்று வகுப்பில் பகிர்க. வீட்டில் உள்ள பெரியோரிடம் அவர்தம் இளமையில் கிடைத்த மீன்களைப் பற்றிக் கேட்டு, அவர்கள் கூறும் பெயர்களைத் தமிழில் எழுதி வருக.